ஒரு கைவண்டி போகப் பாதை கேட்டேன்

அன்றைக்குக் காலையில் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது பாதையைக் காணவில்லை. தென்னந்தோட்டத்து எல்லை முழுவதும் புதிதாகத் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் நானும் என்னோடு வேலை செய்யும் பௌசியா ராத்தாவும் வெறும் வண்டியோடு நின்றோம்.

அன்புச் சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் வைத்திருப்பது நன்றிகேடு என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புத்தளத்தில் மாம்புரிக்குக் கிட்ட. நான் பிறந்தது மன்னாரில். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுபிள்ளை. இங்கேதான் வளர்ந்தேன், இங்கேதான் கலியாணம் முடித்தேன். போர் முடிந்து மீன்பிடிக்கு மறுபடி கடல் திறந்த பிறகு என் கணவர் வீட்டோடு சேர்த்து ஒரு கருவாட்டு வாடி, அதாவது மீன் காயவைக்கும் கொட்டகை, போட்டார். தொழில் நிமிர்ந்து வரும்போது மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்ததும் வாடியை நான் எடுத்து நடத்தினேன். பௌசியா ராத்தாவும் வேறு இரண்டு பெண்களும் என்னோடு வேலை செய்தார்கள். மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து, புத்தளத்துக் கடைகளுக்குக் கொடுப்போம்.

வேலை எனக்குத் தெரியும். பேசத்தான் தெரியாது. எனக்குத் திக்குவாய். அதிலும் 'ப' என்ற எழுத்து வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். என் கணவர் இருந்தவரை எல்லாப் பேச்சும் அவருடையது. அவருக்குப் பிறகு நான் தலையாட்டியே காலத்தை ஓட்டினேன்.

தோட்டத்தை வாங்கியவர்கள் அங்கே ஹோட்டல் கட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பாதை இல்லாவிட்டால் றோட்டால் சுற்றி வர வேண்டும். வெயிலில் அவ்வளவு தூரம் வந்தால் மீன் குழைந்துவிடும். குழைந்த மீனில் நல்ல கருவாடு வராது.

எங்களுக்கு மீன் தரும் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போனேன். எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டேன்.

"தங்கச்சி, நாங்க வள்ளத்த அடுத்த துறையிலயும் கட்டலாம். இதுக்காகப் போய் அவங்களோட கொழுவ ஏலாது" என்றார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒருவரிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். அதோடு சரி.

ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கையேந்தினேன். "யா அல்லாஹ், எனக்காகக் கதைக்க யாரையாவது அனுப்பு." யாரும் வரவில்லை. கடல் அமைதியாகி, மீன் வரும் காலமும் தொடங்கிவிட்டது. எங்கள் காயவைக்கும் தட்டுகள் வெறுமனே கிடந்தன. ஒருநாள் பௌசியா ராத்தா வந்து, "கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிடுறாங்க. போகட்டா?" என்று கேட்டார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன உரிமையில் சொல்வது?

அன்று அஸர் தொழுகையில் ஸுஜூதிலேயே கிடந்து அழுதேன். ஒரு விடயம் சொல்ல வேண்டும். அல்லாஹ்விடம் கேட்கும்போது எனக்குத் திக்காது. அன்றும் திக்கவில்லை. "றப்பே, யாரும் வாறதா இல்ல. என்னத்தான் அனுப்பப் போறியோ? அப்படியெண்டா இந்த நாக்க நீயே பொறுப்பெடு" என்று கேட்டேன். எழும்பியபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஏனென்று தெரியாது.

அந்தக் கிழமையே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிரதேச செயலாளர் அம்மா ஊர்ப் பாடசாலைக்கு வருகிறார், குறை இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று. பேசத் தெரியாதவள் போய் என்ன செய்வது என்று தோன்றியது. ஆனாலும் அபாயாவைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மண்டபம் நிறைய ஆண்கள். ஹோட்டல் முகாமையாளரும் முன்வரிசையில் இருந்தார். ஹோட்டல் காணிக்குள் பாதை ஏதும் உண்டா என்று செயலாளர் அம்மா கேட்டபோது முகாமையாளர் எழும்பி, "அதால இப்ப யாரும் போறதில்ல" என்றார்.

நான் எழும்பினேன்.

"ப... ப... ப..." என்றேன். பாதை என்ற சொல் வெளியே வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போது செயலாளர் அம்மா சிரித்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "ஹெமின் கியன்ன, நங்கி" என்றார். மெதுவாகச் சொல்லுங்கள் தங்கச்சி என்று அர்த்தம்.

"ப... பாதை வேணும் அம்மா. நான் போறன். ஒவ்வொரு நாளும் போறன். முழுக் காணியும் கேக்கல்ல. ஒரு கைவண்டி போற அகலம் தந்தாப் போதும்."

திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் முழுவதையும் சொன்னேன். அந்த அம்மாவோடு வந்த எழுத்தர் அதைச் சிங்களத்தில் சொல்லும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

முகாமையாளர் விடவில்லை. "கருவாட்டு மணத்துக்கு எங்கட ஆக்கள் தங்க மாட்டாங்க" என்றார்.

"காயவைக்கிற தட்டுகள வீட்டுக்குப் பின்பக்கம் மாத்துறன். மணம் ஒங்கட பக்கம் வராது" என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

அப்போது பௌசியா ராத்தா எழும்பினார். "நானும் அதாலதான் போறனான்." மற்ற இரண்டு பெண்களும் எழும்பினார்கள். கடைசியில் சம்மாட்டியும் எழும்பி, "ஓம் அம்மா, அது எங்கட வாப்பாமார் காலத்துப் பாதை" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! பேச ஆள் அனுப்பு என்று எத்தனை நாள் கேட்டேன். நான் வாயைத் திறந்த பிறகு எல்லோரையும் ஒன்றாக அனுப்பினான்.

செயலாளர் அம்மா கதிரையை விட்டு எழும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்றார். ஊரே பின்னால் நடந்தது. இடத்தைப் பார்த்தார். பழைய வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் பாதை இருந்தது. அடுத்த நாளே இரண்டு தூண்களைப் பிடுங்கினார்கள். முதல் வண்டி மீனை நான்தான் தள்ளி வந்தேன். சூரை மீன். கண் பளபளவென்று இருந்தது. வழிநெடுக நான் அழுதுகொண்டே வந்தேன், பௌசியா ராத்தா சிரித்துக்கொண்டே வந்தார். அவர் கொழும்புக்குப் போகவில்லை.

ஹோட்டல் திறந்த பிறகு ஒருநாள் அந்த முகாமையாளர் வேலியோரம் நின்றார். நானே போய், "ஒங்கட குசினிக்குக் கருவாடு வேணுமா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, கொண்டுவாங்களேன்" என்றார். இன்றும் கொடுக்கிறோம்.

திக்குவாய் மாறவில்லை. மாறாவிட்டாலும் பரவாயில்லை. ஐஸ் லொறிக்காரனை எங்கள் வாசலில் நிறுத்தச் சொல்லி நான்தான் கேட்டேன். புத்தளத்துக் கடைக்காரர்களோடு நான்தான் பேசுகிறேன். அவர்கள் காத்திருக்கிறார்கள். நான் சொல்லி முடிக்கிறேன்.

தையல் மெசினோ, பெட்டிக்கடையோ, இடியப்பத் தட்டோ வைத்துக்கொண்டு, கேட்க வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கும் என் சகோதரியே, உனக்குத் தேவையானதை முதலில் அவனிடம் கேள். அவன் சலிக்காமல் கேட்பான். பிறகு எழும்பிப் போய் மனிதர்களிடமும் கேள். கேட்கும் இடத்தில் உன் றப்பு உனக்கு முன்னால் போய் நிற்பான். நான் கண்டுகொண்டேன். நீயும் காண்பாய், இன்ஷா அல்லாஹ்.