அது அரளி இல்லை

எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே வருகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தை நீட்டுவதற்கு முன்பே கேட்டார்கள். "என்னா டீச்சர், அரளிய வீட்டுக்குள்ள வச்சு வளக்குறீக?"

அது அரளி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். தக்காளியில் இலை சுருண்டால் அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பாதி ஊர் என்னிடம் வரும். நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும். இந்த ஒரு செடி விஷயத்தில் மட்டும் என் படிப்பு யாருக்கும் எடுபடவில்லை.

அது ரோடோடென்ட்ரான். மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணன் அதைக் காட்டுப்பூவரசு என்பான். கல்யாணமான புதிதில், தொண்ணூற்றேழோ எட்டோ, நானும் கணவரும் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அதைப் பூவோடு பார்த்தேன். சரிவில் கோணல்மாணலாக ஒரு மரம். கிளை நுனிக்கு நுனி ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூ. "இத நம்ம வீட்டுல வச்சா என்னா?" என்று கணவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். கேட்டவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசலில் நிற்கிற தென்னை மாமனார் வைத்தது. கொய்யாவும் கறிவேப்பிலையும் மாமியார் வைத்தவை. ஊருக்கு வெளியே திராட்சைப் பந்தல் கணவருடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மற்றவர்கள் வைத்ததற்கெல்லாம் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இது நான் வைத்தது என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசையா இது?

இந்த வெயிலில் அது வருமா என்று கேட்காதீர்கள். வராது என்று எனக்கே தெரியும். பனியிலும் குளிரிலும் புளிப்பு மண்ணிலும் வளர்கிற மரம். ஆனால் கிழக்கு வெயில் மட்டும் படுகிற ஒரு மூலை எங்கள் வீட்டில் இருந்தது. ஆடி மாதம் கணவாய்க் காற்றோடு சாரலும் வரும். பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். "தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்றார் கணவர்.

அப்படிச் சொன்னவர்தான் முதல் செடியையும் வாங்கி வந்தார். கொடைக்கானலுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனவர் நர்சரியில் கேட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பார்த்தால் அசேலியா. "ரோடோடென்ட்ரான்தான்னு அடிச்சுச் சொன்னான்" என்றார். நர்சரிக்காரனைத் திட்டவும் வழியில்லை, அசேலியாவும் அந்தப் பேரினத்தில் ஒன்றுதான். உண்மையைச் சொல்லியே ஏமாற்றியிருக்கிறான். அது பங்குனி வரை இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

பிறகு அண்ணன் அசல் கன்று ஒன்றை, பால்பவுடர் டின்னில் வைத்து, போடி வழியாகப் பஸ் ஏறிக் கொண்டுவந்தான். முழங்கை உயரம். தடித்த நீள இலைகள் நுனியில் வட்டமாக அடுக்கி நின்றன. மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"ஏத்தா, இது அரளிதான?"

"இல்லத்தை. அரளி எலையக் கிள்ளுனா பால் வரும். இதுல வராது, பாருங்க." இருந்ததே கொஞ்சம் இலை. அதில் ஒன்றைக் கிள்ளிக் காட்டினேன்.

"பஸ்ஸுல வாடி வதங்கி வந்த செடியில பால் எங்குட்டு இருக்கும்?"

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் துரு நிறத்தில், மெத்தென்று, பூனை முடி போல இருந்தது. "தடவிப் பாருங்க. இது அரளிக்குக் கெடையவே கெடையாது."

தடவிப் பார்த்தார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "தூசி" என்றார்.

அவர் பயத்தையும் நான் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் அரளி விதையை அரைத்துக் குடித்த கதை இல்லாத தெரு இல்லை. கோயில் நந்தவனத்தில் இருக்கலாம், ரோட்டோரம் இருக்கலாம், வீட்டுக்குள் அரளி ஆகாது. கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். "பூக்கட்டும். என்னா பூன்னு பாத்துக்கிருவோம். பூக்கலைன்னா பிடுங்கிட்டு அந்த எடத்துல மாதுளைய வச்சுருவோம்." சரி என்றேன். அது பூக்க எத்தனையோ வருஷம் ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பூப்பது இருக்கட்டும், பிழைத்தால்தானே? இரண்டு மாதம் பச்சையாக நின்ற கன்று, பிறகு வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் மஞ்சள். பிறகு இலை ஓரம் கருகியது. ஒரு நாள் தொட்டதும் எல்லா இலையும் கையோடு வந்தது. அண்ணன் அடுத்த கன்றைக் கொண்டுவந்தான். அதுவும் அதே மாதிரி வெளுத்து, அதே மாதிரி கருகிச் செத்தது. "அரளிக்குக்கூட இப்பிடிச் சாகுற புத்தி கெடையாது" என்றார் மாமியார். "அப்ப இது அரளி இல்லைன்னு ஒத்துக்கிறீங்களா அத்தை?" என்று கேட்டேன். கொத்தமல்லி ஆயப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நரம்பு பச்சையும் மற்றது மஞ்சளும் என்றால் என்ன அர்த்தம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டது, வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? போர்வெல் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினேன். எங்கள் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தென்னை நார் போல ஆகும், அவ்வளவு உப்பு. வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொன்ன காலம் அது. ஊரார் கடனே என்று கட்டினார்கள். நான் ஒருத்திதான் ஆசையாகக் கட்டினேன். மூன்றாவது கன்றுக்கு மழைத்தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. அண்ணன் தோட்டத்திலிருந்து மக்கின இலையும் தேயிலைத் தூளும் வந்தன. "போர்வெல் தண்ணி ஆகாது. நான் இல்லாதப்ப யாரும் அது கிட்டப் போகாதீங்க" என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

அப்படியும் அது வெளுத்தது.

ஒருநாள் மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கிறேன், மூலையில் கணவரும் மாமியாரும் குனிந்து நிற்கிறார்கள். பிடுங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். செருப்போடு ஓடினேன். கணவர் கையில் ஒரு வாளி, அதில் நீல நிறத்தில் மருந்து. மாமியார் களைக்கொத்தால் தூரில் மண்ணைப் பறித்து, அவர் ஊற்ற ஊற்ற மூடிக்கொண்டிருந்தார். "பாத்து ஊத்து. கறை தெரிஞ்சா வைவா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அந்த நீலம் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கலக்குகிற மருந்து. திராட்சைக்கொடியில் இலை வாடினால் அதுதான், பூஞ்சை வந்தால் அதுதான், ஒன்றும் வராவிட்டால் வராமல் இருக்க அதுதான். அவர் பந்தலைக் காப்பாற்றுவதே அந்த மருந்துதான்.

"எத்தன நாளா?" என்றேன்.

"மொதக் கன்னுலருந்தே" என்றார். "வெளுத்துக் கெடந்துச்சு. நீயும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச. பந்தலுக்கு அடிச்ச மிச்சத்தக் கொண்டாந்து ஊத்துனேன்."

"நீங்களுமா அத்தை? பிடுங்கணும்னு சொன்னீங்க."

"அரளியோ என்னமோ. மருமக வச்ச செடி வீட்டுல பட்டுப்போகக் கூடாதுத்தா. அது நல்லதுக்கில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கத்தினேன். இதற்குச் சுண்ணாம்புதான் விஷம், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று கன்றுக்கும் விஷம் வைத்திருக்கிறீர்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கணவர் வாளியைக் கீழே வைத்தார். "சுண்ணாம்பு ஆகாதுன்னு எங்ககிட்ட எப்பச் சொன்ன? போர்வெல் தண்ணி ஆகாதுன்னுதான சொன்ன" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், கணவர் அந்த மூலையில் மண்ணை ஆழமாகத் தோண்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டு சாக்கில் மலை மண் அனுப்பினான். கன்று சாகவில்லை. வளரவும் இல்லை. நான்கைந்து இலைகளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அப்படியே நின்றது. மொட்டு என்கிற பேச்சே இல்லை. வருகிறவர்கள் அரளியா என்று கேட்பதும் நிற்கவில்லை. நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். சுவரெல்லாம் முடித்து, மிச்சச் சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனார். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுவது எல்லா வீட்டிலும் வழக்கம். நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஆத்தா, இந்த அரளிக்கு ஊத்திரவா?"

மாமியார் கொய்யா மரத்தடியிலிருந்து எழுந்த வேகத்தில் மடியிலிருந்த முறம் கவிழ்ந்தது. "அங்கன ஊத்திராதப்பா. அது அரளி இல்ல. சுண்ணாம்பு ஆகாத செடி. மேல தேயிலக்காட்டுல நிக்கிறது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எம் மருமக வச்சது" என்றார்.

பால் வராததைக் காட்டினேன், இலையடி முடியைக் காட்டினேன், எதற்கும் மசியாத மனுஷி. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இதை அத்தனை வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சித்திரையில் அது பட்டுப்போனது. யார் மீதும் குற்றமில்லை, வெயில்தான். பூக்கவே இல்லை. குச்சியைப் பிடுங்கிவிட்டு மாதுளை வைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். மாமியார் விடவில்லை. தினமும் காலையில் போய்க் குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார். "உள்ள பச்ச இருக்குத்தா. தண்ணிய நிறுத்திராத" என்பார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நானும் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை. தொட்டியிலிருந்து ஒரு செம்பு மழைத்தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினேன்.