புதன்கிழமை ஓடாத மில்

ஜைனுதீனின் மில்லுக்கு வருகிறவர்கள் மிளகாயை அரைத்தோமா, போனோமா என்று கிளம்பிவிட முடியாது. இரைச்சலுக்கு மேலே அவர் கத்திச் சொல்லும் சொந்த வரலாற்றையும் கேட்டாகவேண்டும். "கறுவாப்பட்டை மூட்டை தூக்கினவன் நான்! பள்ளிக்கூடத்துல என்னத்த படிச்சேன்? இன்னக்கி இரத்தோட்டையில எம் மெசினுக்கு நிகரா ஒண்ணு காட்டுங்க பாப்போம்!"

சும்மா சொல்லக்கூடாது, தானாக எழும்பிய மனிதர்தான். ஊரே நனைந்து கிடந்த அடைமழையிலும் மில் ஓடியது. மூத்தவனின் கலியாணத்தன்று காலையிலும் ஓடியது. அப்படிப்பட்ட மில் இப்போது புதன்கிழமை பின்னேரத்தில் ஒரு மணி நேரம் நிற்கிறது. கேட்டால், "கரன்ட் இல்ல" என்பார்.

காரணம், கடைசி மகள் நிஹ்லா. உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறிய பிறகு அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. ஜைனுதீன் தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தார். மூட்டை தூக்கிய கதையைச் சொல்லிப் பார்த்தார். ஒரு விடியலில் அவள் சுவரைப் பார்த்தபடி, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி வாப்பா" என்றாள். அன்றே அவர் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

அவளுடைய டீச்சர்தான் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டும், கண்டியிலிருக்கும் ஓர் உளவளத்துணையாளரைப் பிடித்துக் கொடுத்தார். ஃபோனிலேயே முகம் பார்த்துக் கதைக்கலாம். ஆனால் சிக்னல் கிடைப்பது மில்லுக்குப் பின்னாலுள்ள சாக்கு அறையில் மட்டும். முதல் நாள் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் நிஹ்லா அழுதுகொண்டே எழுந்து வந்தாள். அடுத்த புதன்கிழமை ஜைனுதீன் சுவிட்சை அணைத்தார். மெல்ல மெல்ல, அவள் தானாகவே சோறு போட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். என்றாலும் ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்கள், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அவருக்குப் பயம்.

போன புதன்கிழமை, தேயிலைத் தோட்டத்திலிருந்து சந்திரகாந்தா மிளகாய்ப் பையோடு வந்தாள். அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"கரன்ட் இல்ல தங்கச்சி."

"எதுத்த கடையில காத்தாடி சுத்துதே மொதலாளி! ஒங்க வயருக்கு மட்டும் லீவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாக்கு அறைக்குள் நிஹ்லாவின் பேச்சு சட்டென்று நின்றது. அவள் காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று ஜைனுதீனுக்கு விளங்கியது.

"கரன்ட் இருக்கு." குரல் வழக்கம்போல் உயரவில்லை. "எம் மகளுக்கு மனசு சொகமில்ல. உள்ள ஒரு மிஸ்ஸோட கதைக்கிறா. முடியிற வரைக்கும் மில் ஓடாது. அவசரம்னா வேற மில்லுக்குப் போங்க."

சந்திரகாந்தா பையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினாள். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு புள்ள இருந்துச்சு மொதலாளி. அதுக்கிட்ட இப்படி ஒக்காந்து கேக்க ஆளில்லாமப் போச்சு." மிளகாய்ப் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். "பஸ் போனாப் போகட்டும்."

உள்ளே மறுபடியும் பேச்சு தொடங்கியது. பிறகு கதவு திறந்தது.

"வாப்பா, வாங்க. உங்களுக்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல உங்க கதையக் கொண்டாராமக் கேக்கணும்."

ஜைனுதீன் போய் மூட்டையொன்றின் மேல் உட்கார்ந்தார்.

"உங்களப் போல என்னால ஏலாது வாப்பா. அதச் சொல்லத்தான் இவ்வளவு நாளும் பயந்தேன்."

"நான் அந்தக் காலத்துல..." என்று வாய் தானாகத் திறந்தது. உடனே, மிளகாய்த் தூள் அப்பியிருந்த கையாலேயே அதை இறுக்கிப் பொத்திக்கொண்டார். உதடு எரிந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.