பிரேக் வேலைக்குப் பின் முதல் நடை

பிரேக் வேலை முடிந்ததும் சர்போங் சாவியைக் கொடுத்துவிட மாட்டான். முதலில் மண்ணெண்ணெயில் கை கழுவுவான். பிறகு சோப்புத்தூள், பிறகு ஒரு பிடி மணல். தீக்குச்சியால் பத்து நகங்களையும் ஒவ்வொன்றாகச் சுரண்டுவான். அதற்கப்புறம் வண்டியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். ஆள் ஏற்றிப் போகும் முதல் நடையில் வேலை பார்த்தவனும் கூடப் போகவேண்டும் என்பது மாம்போங் பட்டறைகளில் எழுதாத சட்டம். ஊரைத் தாண்டியதுமே மலைச்சரிவு.

அந்தச் சனிக்கிழமை டிரைவர் துமாசியின் ட்ரோட்ரோவுக்கு, அதாவது ஆளேற்றி ஓடும் வாடகை வேனுக்கு, பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருந்தான்.

“மொதல்ல மணல் மூட்டைய ஏத்தி ஒரு தடவ சரிவுல எறக்கிப் பாத்துருவோம்,” என்றான் சர்போங்.

“மூட்டையா? ஊரே இன்னிக்குக் குமாசிக்குச் சாவு வீட்டுக்குப் போகுது. என் முறை போச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் ஸ்டாண்டுல ஈ ஓட்டணும். உன் வேல மேல எனக்கு நம்பிக்க இருக்கு மேஸ்திரி. உனக்குத்தான் இல்ல போல.”

குத்தல் வேலை செய்தது. சர்போங் மூட்டைப் பேச்சை விட்டுவிட்டான்.

“இன்னொண்ணு. இந்த எண்ணெச் சட்டையோட முன்னால உக்காராத. மெக்கானிக் இருக்குற வண்டில ஒரு ஆளும் ஏறாது.”

துமாசி கொடுத்த கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு துக்கத்துக்குப் போகிறவன்போல உட்கார்ந்தான் சர்போங். செத்தது யார் என்றே அவனுக்குத் தெரியாது. பின்னால் பதினான்கு பேர் ஏறினார்கள். மணல் மூட்டைக்குப் பதிலாக இவர்கள், என்று நினைத்தான்.

அவனுக்கும் கதவுக்கும் நடுவே உட்கார்ந்த கிழங்கு வியாபாரி அடோமா அவன் கைகளையே பார்த்தாள்.

“அண்ணே, செத்தவரு ஒங்களுக்கு என்ன வேணும்?”

“தெரிஞ்சவரு.”

“நகக்கண்ணுல கிரீஸோட துக்கத்துக்கு வர்றவர இப்பத்தான் பாக்குறேன். பிரேக்கா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பிரேக்குதான்.”

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துமாசி முறைத்தான். சர்போங் பின்பக்கம் திரும்பினான்.

“நான்தான் வேல பாத்தேன். இன்னும் ஆள் ஏத்திப் பாக்கல. எறங்குறவங்க எறங்கிக்கலாம். நான் எறங்க மாட்டேன்.”

இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள். அடோமா மடியிலிருந்த கிழங்கு மூட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

“மறச்சிருந்தா நானும் எறங்கியிருப்பேன். கெளப்புங்க. உருண்டா மொதல்ல நசுங்குறது முன்சீட்டுக்காரங்கதான், அவருக்கும் உசுரு மேல ஆச இருக்காதா?”

சரிவின் முதல் வளைவில் துமாசி மிதித்தான். பிடித்தது. இரண்டாவதில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அப்போதும் பிடித்தது. சர்போங்கின் வலது காலும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

“காலை எடுங்கண்ணே, தரை ஓட்டையாயிரும்,” என்றாள் அடோமா. வேன் முழுக்கச் சிரித்தது. சமதரை வந்திருந்தது.

“நான் சொல்லல? நம்பிக்க வேணும்யா!” என்று துமாசி அவன் தொடையில் தட்டினான்.

அதே சாவுக்குத் துமாசியின் மனைவியும் கைக்குழந்தையும் போயிருந்தார்கள் என்பது சர்போங்குக்கு அடுத்த வாரம்தான் தெரியவந்தது. வரிசையில் முன்னால் நின்ற வேறொரு வேனில் போனார்களாம். கையைப் பிடித்து ஏற்றிவிட்டவன் துமாசி.