கத்திக்கொண்டு வந்தவர்

பாலையூற்றில் எங்கள் பக்கத்து வளவுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். எங்கள் தென்னையிலிருந்து விழுந்த தேங்காய் ஒன்று அவருடைய கூரை ஓட்டை உடைத்த அன்று, கையை வீசி வீசி, தெருமுனைவரை கேட்கக் கத்திக்கொண்டு வந்தார். என்னைத் திட்டினதோடு நிற்கவில்லை, செத்துப்போன என் அம்மாவையும் இழுத்துப் பேசினார்.

“விடுமப்பா, ஆள் ஆறினால் சரி” என்றார் என் கணவர். எனக்கு ஆறவில்லை. பொலிசுக்குப் போனேன்.

முறைப்பாடு எழுதின சிங்களப் பொலிஸ்காரருக்குச் சந்தைத் தமிழ்தான் தெரியும். எனக்குச் சந்தைச் சிங்களம். “கத்திக்கொண்டு வந்தவர்” என்றேன். அவர் பேனையை நிறுத்தி, கையை ஓங்கி இறக்கிக் காட்டி, “இப்படியா?” என்று கேட்டார். கையை வீசித்தானே வந்தவர்? “ஓம்” என்றேன். சிங்களத்தில் எழுதியதன் கீழே கையொப்பம் வைத்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கவுமில்லை.

அன்று பின்னேரமே பக்கத்து வளவுக்காரரைப் பிடித்து மறியல் சிறையில் வைத்தார்கள். நீதிமன்றத்தில் என் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது: அவர் கத்தி கொண்டு வந்து என்னை வெட்ட ஓங்கினாராம்.

“ஐயோ, கத்தி இல்லை! சத்தம் போட்டவர்” என்று எழும்பினேன். இருக்கச் சொன்னார்கள். அதைத் திருத்த இரண்டு வழக்குத் தவணை எடுத்தது. அவர் வெளியே வந்தபோது கிரேனில் வேறொருவர் இருந்தார்.

பிறகு அகராதிகளைப் புரட்டினேன். கழுதை கத்தும், தவளை கத்தும்; அந்த வினை வேறு, வெட்டும் கத்தி வேறு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அது கத்திதான். வடமொழி வேர் என்று ஒரு சாரார், எங்களுடையதே என்று மற்றவர்கள். காடு வெட்டும் கத்தியைச் சிங்களத்தில் ‘கெத்த’ என்பார்கள். எழுதினவரின் காதில் எது விழுந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவி படலையைத் திறக்கவில்லை. அவர் மட்டும் முற்றத்தில் நின்றபடி, பொலிசில் நடந்தது முழுவதையும் கேட்டார்.

“நான் கத்தினது உண்மை. உங்கட அம்மாவைச் சொன்னதும் பிழை. ஆனால் சொல்லிலை பழி போடாதேங்கோ, தங்கச்சி. அந்த மனிசன் கையாலை காட்டிக் கேட்டவர். நீங்கள்தான் ஓம் எண்டனீங்கள்.”

அந்தக் கை அசைவு எனக்கு அப்போது விளங்கவில்லை என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். துளியும் விளங்கவில்லையா என்று யாராவது கேட்டால், என்னால் பதில் சொல்ல ஏலாது.

சில வாரங்களில் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, திரியாயில் மனைவியின் ஆட்களிடம் போய்விட்டார்கள். இப்போது அங்கே வங்கியில் வேலைசெய்யும் ஒருவரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நல்ல சனங்கள். கண்டால் சிரிப்பார்கள். நான் அதற்குமேல் கதை வைத்துக்கொள்வதில்லை.