கலப்பைக்குப் பாரமாக இருந்த மச்சான்

இன்று பண்டத்தரிப்பு பஸ்சில் என் மனைவியின் தமையன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உன்ரை கலப்பை இன்னும் உயிரோடையோ?" என்று பஸ்சுக்கே கேட்கிறமாதிரி விசாரித்தார்.

உலகம் அறியவேண்டிய வரலாறு அது.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். இரும்புக்கும் தடை, எண்ணெய்க்கும் தடை. மறுநாள் வெங்காயம் நடவேண்டும், பாத்தி கட்ட ஆளில்லை. ஆணி அடிக்கவே தெரியாத நான், உடைந்த கட்டில் சட்டத்தையும் பழைய வாசல் கேற்றையும் பிணைத்து, இரண்டு சில்லு உழவு மிசினுக்குப் பின்னால் பூட்டக் கலப்பை ஒன்று செய்தேன். சந்திரனுக்கு ராக்கெட் விட்டவன்கூட அவ்வளவு வியர்த்திருக்கமாட்டான்.

மிசினுக்கு இருந்தது ஒரேயொரு போத்தல் மண்ணெண்ணெய்.

ஓட்டினேன். கலப்பை மண்ணில் இறங்காமல் கோழிக்குஞ்சுபோலத் துள்ளித் துள்ளி வந்தது. கால் போத்தல் போய்விட்டது.

வேலிக்கு மேலால் மச்சானின் தலை தெரிந்தது.

"உழுறியோ, மண்ணுக்குச் சீப்பாலை தலை இழுத்து விடுறியோ?"

"பாரம் காணாது மச்சான். கல்லு வைச்சால் உருண்டு விழுகுது. ஒருக்கா ஏறிக் குந்துங்கோவன்."

அப்போது அவர் நாலு மூட்டை நெல்லுக்குச் சமம். ஏறினார். கலப்பை பாதாளம்வரை இறங்கியது!

"காணுமடா, போதுமடா, இறக்கி விடடா!"

போத்தல் முடியும்வரை எனக்குக் காது கேட்கவில்லை. பாத்தியெல்லாம் நூல் பிடித்தமாதிரி.

இன்று பார்த்தால் மனிதர் பாதியாகிவிட்டார். சீனி வருத்தமாம், நீரிழிவு. "இனி நான் குந்தினாலும் உன்ரை கலப்பை இறங்காது" என்று சிரித்தார்.

கலப்பை கொட்டிலில் பத்திரமாகக் கிடக்கிறது. ஆரிட்டையாவது நல்ல பாரமான மச்சான் இருந்தால் கீழே எழுதுங்கோ.