இடைவேளை வரை பார்த்த படம்

சினிமாக் கதாநாயகிக்குக் கறுப்பு மார்க்கரால் அபாயா போட்டவர் என் உம்மா. பழைய படமொன்றின் சீடிக் கவர் அது. அதில் கதாநாயகி தோள் தெரிய நின்றிருந்தாள். உம்மா அவளைக் கழுத்திலிருந்து கால் வரை மையால் மூடி, தலைக்கு முக்காடும் போட்டார். பிறகு சீடியைக் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் சீனிச்சம்பல் போத்தலுக்கும் நடுவில் செருகி, லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பிய எத்தாளை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கருவாடு வாப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. சீடி சேரவில்லை. அங்கே பையைச் சோதித்தவர்கள் முக்காட்டைப் பார்த்தும் மனம் இளகவில்லை.

வாப்பா அங்கே பவுசர் என்கிற தண்ணீர் லொறி ஓட்டினார். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. அந்த ஒரு நாளில் அவருக்கு வேண்டியது பழைய தமிழ்ப் படம். புதுப் படத்தில் கதை இல்லை, ஓட்டம்தான் இருக்கிறது என்பார். கிழமை முழுவதும் வண்டியில் ஓடுகிற மனிதர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது.

நாங்கள் பாலாவிக்குப் பக்கத்தில், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் குடியேறிய இடத்தில் இருந்தோம். எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரை இன்னும் தென்னோலைக் கிடுகுதான். அதை ஓட்டுக் கூரையாக்கத்தான் வாப்பா போயிருந்தார்.

அடுத்த முறை உம்மா கடைக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே ஒன்று வரைந்தார். தலையணை உறைகளுக்குப் பூப்போட்டுப் பழகிய கை. ஆனால் உயிருள்ள எதையும் அவர் வரையமாட்டார். வரைந்தவரிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படும் என்று ஓதப்பள்ளியில் படித்திருந்தார். ஆகவே ஒரு படத்துக்கு ஒரு பொருள். குடிகாரத் தகப்பனின் கதைக்கு, வாசலில் கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் செருப்பு. கோர்ட்டுக் கதைக்கு வெறும் கூண்டு. வில்லன் பெரிய ஆளாக வரும் படத்துக்கு அவனுடைய கூலிங்கிளாஸ் மட்டும். பின்னணி எப்போதும் ஒரே நிறம். வீட்டில் இருந்த சாயப் பென்சிலில் எது நீளமாக மிஞ்சியிருந்ததோ அது.

படத்தின் பெயரை எழுத உம்மா மறந்துபோனார். வாப்பாவும் அறைத் தோழர்களும் கவரைப் பார்த்து எந்தப் படமென்று ஊகிக்க வேண்டியதாயிற்று. அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு உம்மா பெயர் எழுதவே இல்லை.

அறைத் தோழர்கள் தங்கள் மனைவிமாரிடமும் அப்படிக் கவர் கேட்டார்கள். அந்தப் பெண்கள் சீடியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் படத்தைப் பற்றி அக்கறை இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

“கதை என்னவா வேணுமெண்டாலும் இருக்கட்டும் ராத்தா, கவர்ல எங்கட புது கேட்டைப் போட்டுத் தாங்க. அவர் இன்னும் காணல்ல” என்றார் ஒருவர். இன்னொருவருக்குத் தொட்டில் வேண்டும். அவருடைய பிள்ளை, அதன் வாப்பா சவூதி போன பிறகு பிறந்தது. கற்பிட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் தன் ஆட்டை வரையச் சொன்னார்.

“உசிரு வரைய மாட்டன். கட்டையும் கயிறும் வரைஞ்சு தாறன்” என்றார் உம்மா.

“அல்லாஹ்வே! வெறுங்கயிறைப் பாத்தா ஆடு ஓடிப்போச்செண்டெல்லா நெனைப்பாரு! அவர் வாங்கித் தந்த ஆடு ராத்தா.”

கடைசியில் கயிற்றுக்குப் பக்கத்தில் பாதி கடித்த பலா இலைகள் சில சேர்க்கப்பட்டன. ஆடு அருகில்தான் நிற்கிறது என்பதற்கு அத்தாட்சி. பெரிய சண்டைப் படமொன்று அந்தக் கவரோடு சவூதி போனது.

வாப்பாவுக்கு மட்டும் உம்மா படத்தில் உள்ளதையே வரைந்தார்.

வாப்பா ஒவ்வொரு தடவையும் கேட்ட படம் ஒன்று உண்டு. கலியாணம் முடித்த புதிதில் மன்னார் தியேட்டரில் இருவரும் சேர்ந்து பார்த்தது. திருட்டுப் பழி சுமந்த கதாநாயகன், காணாமல்போன மாலை, அந்த மாலை கிணற்றுக்குள் விழுவதைக் காட்டியதும் இடைவேளை. அத்தோடு கரண்ட் நின்றது. ஊரடங்குச் சட்டம் என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதங்களில் ஊரையே விட்டு வந்தாயிற்று. மாலையைக் கிணற்றிலிருந்து யார் எடுத்தார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் யாராவது சொல்ல வந்தால் வாப்பா கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். தானே பார்க்க வேண்டும்.

பாலாவிச் சந்தியில், சீமெந்து லொறிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த சீடிக் கடையில் ஒருநாள் அந்தப் படத்தை நானே கண்டெடுத்தேன். ஓடிவந்து சொன்னேன். உம்மா மறுநாளே வாங்கினார்.

“வாப்பாக்கிட்ட சொல்லாத” என்றார்.

“ஏன்?”

“சொல்லாத எண்டா சொல்லாத.”

வாப்பாவின் ஒப்பந்தம் முடியும் காலம் அது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கும்படி முதலாளி கேட்டிருந்தான். தொலைபேசி இருந்தது வாப்பாவுக்கு மூத்த ராத்தாவான மாமி வீட்டில். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மணி அடிக்கும். மாமி, மாமா, அவர்களுடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டார் எல்லாரும் சுற்றி இருப்பார்கள். முதலில் மாமி பேசுவார்.

“ரெண்டு வருஷம் கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிரும் தம்பி. கூரைக்கு ஓடு போட்டிட்டு வா. கிடுகுக்குள்ள பொம்பளப் புள்ளைய வச்சிக்கொண்டு…”

பொம்பளைப் பிள்ளை என்றது என்னை. பிறகு ரிசீவர் உம்மாவின் கைக்கு வரும். கையெழுத்து வைக்கவா என்று வாப்பா கேட்பார் போலிருக்கிறது. எல்லாருடைய கண்ணும் உம்மாவின் வாயில் இருக்கும்.

“உங்கட விருப்பம்” என்பார் உம்மா. வேறெதுவும் அந்த அறையில் சொல்ல முடியாது. வா என்றால் கூரை வேண்டாமா என்பார்கள். இரு என்று சொல்ல உம்மாவுக்கு வாய் வராது.

அந்த மாதம் போன பார்சலுக்கு உம்மா கிணறு வரைந்தார். அவர் வரைந்தவற்றில் அதுதான் மிக நல்லது. மேலிருந்து எட்டிப் பார்க்கிற கிணறு; உள்ளே வட்டமாக இருட்டு; அடியில் மஞ்சளாக ஒரு புள்ளி. நீலப் பென்சில் முழுவதும் அதற்கே தீர்ந்தது. கவரைப் பெட்டிக்குள் செருகி மூடினார். நான் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை.

“உம்மா, சீடியை வைக்க மறந்திட்டீங்க!”

“மறக்கல்ல.”

“உள்ளுக்கு ஒண்டுமில்ல உம்மா!”

“எனக்குத் தெரியும் மகள். அங்கால வை.”

வாப்பாவை உம்மா ஏமாற்றுகிறார் என்றே எனக்குப் பட்டது. பொதி கட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன், கடைசி நேரத்திலாவது மனம் மாறுவார் என்று. மாறவில்லை.

பார்சல் சேர்ந்த வெள்ளிக்கிழமை மாமியின் கையிலிருந்து ரிசீவர் சீக்கிரமே உம்மாவுக்கு வந்துவிட்டது. வாப்பாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

“கிணத்தைக் கண்டவுடன எல்லாரையும் கூப்பிட்டு இருத்திட்டன் புள்ள! தொறந்தா காலி! சீடி எங்க?”

அறை சிரித்தது. “பாவம், புள்ளைக்கு மறதி” என்றார் மாமி.

உம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“சீடி இங்க இருக்கு” என்றார்.

லைன் அறுந்துவிட்டது என்று மாமா சொன்னார். மாமி கையை நீட்டினார். உம்மா கொடுக்கவில்லை. “ஓம்,” என்றார் கொஞ்சம் பொறுத்து. இன்னும் கொஞ்சம் பொறுத்து, “ஓம். விளங்குது. நீங்க உடம்பைப் பாத்துக்கொள்ளுங்க.”

வாப்பா கையெழுத்து வைத்துவிட்டார் என்று இரண்டு கிழமை கழித்து மாமி வந்து சந்தோஷமாகச் சொன்னார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மாமி போனதும் அலுமாரியைத் திறந்து, சீடியை ஒரு தலையணை உறைக்குள் சுற்றி, கலியாணச் சாரிக்கு அடியில் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வாப்பாவுக்குத்தான் அனுப்பவில்லை, நாங்களாவது பார்க்கலாமே என்றேன். மாலையை யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று யோசனையும் சொன்னேன்.

“அது பிறகு பாக்கலாம்” என்றார் உம்மா.

பிறகு என்றால் எப்போது என்று கேட்டேன். உம்மா மாமி குடித்த கோப்பையைக் கழுவப் போனார். வீட்டில் பிளேயர் இருந்தது, கரண்ட் இருந்தது, படம் அலுமாரிக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பார்ப்பதற்கு இன்னும் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.