பதினோரு மணிவரை வெறும் வயிறு

மயிலாப்பூரில் டாக்டர் கஸ்தூரிரங்கனின் கிளினிக்குக்குப் போனவர்கள் எல்லாருக்கும் சுந்தரவல்லியைத் தெரியும். கொட்டிவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பதினெட்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். வரிசையில் முந்த நினைக்கிறவர்கள் அவளிடம் ஒரு தடவைதான் முயற்சி செய்வார்கள்.

அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பற்றித்தான் பலருக்குத் தெரியாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, டாக்டரோடு வேனில் ஏறி, செய்யூருக்கு அப்பால் உள்ள நெடும்பனை என்ற ஊருக்குப் போவாள். பஞ்சாயத்து கொடுத்த ஒற்றை அறையில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் இலவச மருத்துவம். சீட்டு எழுதுவது, விரலில் குத்தி ரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்பு தொடங்கியபோது முதல் நாளே அறுபது பேர் வந்தார்கள். இந்த ஆவணியில் பதினோரு பேர்.

திரும்பி வரும் வழியில் டாக்டர் சொல்லிவிட்டார்.

“போதும் வல்லி. அவாளுக்கே அக்கறை இல்லேன்னா நாம என்ன பண்றது? நிறுத்திடலாம்.”

“மாத்திரைக்கு எங்க சார் போவாங்க?”

“மதுராந்தகம் போகட்டும்.”

“போய் வர ஒரு நாள் பொழப்பு போய்டும் சார். யாரும் போவ மாட்டாங்க. மாத்திரைய விட்டுட்டு சும்மா இருந்துடுவாங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுங்க சார். காரணம் தெரியாம மூடக் கூடாது,” என்றாள்.

டாக்டர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லீவு போட்டாள். திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் பிடித்து, கூவத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெடும்பனை போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நேராகச் சரோஜாதேவி வீட்டுக்குப் போனாள். சரோஜாதேவி செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊரோடு தங்கிவிட்டவள்.

“இன்னா சரோஜா, உங்க ஊருக்கு எங்க மேல இன்னா கோவம்?”

“கோவம் இல்லக்கா, பயம்.” முத்துகிருஷ்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபது வயதுக்காரர், வயல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசம் முன்ன, உங்க ரூமுக்கு வெளிய வேப்பமரத்தாண்ட சாஞ்சினு இருந்தேனே, பாத்தியாம்மா?” என்றார்.

“பாத்தேன். தூங்கினுகீறீங்கன்னு நெனச்சேன்.”

“மயங்கிட்டேன்.”

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. நெடும்பனையில் விடிகாலை ஐந்தரைக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். அதற்கு முன்னால் எல்லாரும் கஞ்சி குடித்துவிடுவார்கள். ஞாயிறும் அப்படித்தான். சீட்டிலோ ‘காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றில் வரவும்’ என்று இருந்தது. வேன் வந்து, மேசை போட்டு, முறை வரும்போது பதினோரு மணி. சிலர் பட்டினி கிடந்து மயங்கினார்கள். பலர் கஞ்சியைக் குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டர், வெறும் வயிற்றிலேயே இவ்வளவா என்று மாத்திரையைக் கூட்டினார். கூட்டிய மாத்திரையைப் போட்டவர்களுக்கு சர்க்கரை தாழ்ந்து, வரப்பில் நடக்கும்போதே தலை சுற்றியது. அதற்குப் பிறகு யார் வருவார்கள்?

“ஒரு வார்த்த டாக்டராண்ட சொல்லக் கூடாதா?”

“அவ்ளோ பெரிய மனுசன், அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாரு. அவராண்ட போயி, ஐயா, எனக்குப் பசிக்குதுன்னு சொல்றதா? நல்லா கீதே உன் நாயம்!”

சுந்தரவல்லிக்கு முகம் சுட்டது. மயிலாப்பூரில் டாக்டர் குளித்து, பூஜை முடித்து, வாயில் எதையாவது போடும்போது மணி பத்தாகிவிடும். அவருடைய நோயாளிகளும் பாதிப் பேர் அப்படித்தான். அங்கே பதினோரு மணி வெறும் வயிறு ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்தச் சீட்டை எழுதியது அவள் கை. இருட்டிலேயே சோறு தின்றுவிட்டுக் கட்டுமரம் ஏறிய மனிதரின் மகள் அவள்.

திங்கட்கிழமை காலை, முதல் டோக்கனைக் கூப்பிடும் முன்பு டாக்டரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“டோஸை ஏத்தினது நான்தானே,” என்றார்.

“சீட்டு எழுதினது நான் சார். இப்ப இன்னா செய்யலாம்னு பாப்போம். காலைல அஞ்சு மணிக்கு, வண்டி நிக்கிற முனையில சரோஜா குத்திப் பாத்துடுவா. உடனே கஞ்சி குடிச்சிட்டுப் போவாங்க. அளவ போன்ல அனுப்பிடுவா. நாம மத்தியானம் கெளம்பி, அவங்க வேல முடிஞ்சி வர்ற நாலு மணிக்குப் பாக்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலமா? சபால கச்சேரி இருக்குமேம்மா!”

“மாசத்துல மீதி ரெண்டு ஞாயிறு கீதே சார்.”

“மார்கழில?”

“மார்கழிக்கு தி.நகர் வஜீஹா டாக்டரக் கேட்டுட்டேன். வர்றேன்னுட்டாங்க.”

வஜீஹா, அவரிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்து இப்போது தனியாகக் கிளினிக் நடத்துகிறவள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே அவளைக் கேட்டியா?”

“நீங்க முடியாதுன்னா வேன் காலியாவா சார் போவும்?”

டாக்டர் சிரித்துவிட்டார். “முதல் டோக்கனைக் கூப்பிடு, போ,” என்றார்.

அடுத்த முறை சரோஜாதேவி அனுப்பிய பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. டாக்டர் வேனிலேயே அதைப் படித்து, யார் யாருக்கு மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். நாலு மணிக்கு அந்த அறையின் வாசலில் சேற்றுக் காலோடு ஆட்கள் நின்றார்கள். முத்துகிருஷ்ணன் முதல் ஆள். ஒவ்வொருவரிடமும், “சாப்ட்டேளா? எத்தனை மணிக்கு?” என்று கேட்ட பிறகுதான் டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

ஆறரைக்கு வேனில் சாமான்களை ஏற்றும்போது சரோஜாதேவி வந்தாள்.

“அக்கா, நடவு ஆரம்பிச்சா வண்டி நாலரைக்கே வந்துடும்.”

“அப்ப நாலு மணிக்கு நில்லு.”

“ஒருத்தியா முப்பத்தெட்டு பேருக்குக் குத்த முடியுமா? இன்னொரு மிஷின் வேணும். கூட ஒரு ஆளும் வேணும்.”

“மிஷின் நான் கொண்டாறேன். ஆள நீ புடி. அதுக்குக் கத்துக் குடுக்க முந்தின நாளே நான் வந்துடறேன்.”

வேன் கிளம்பியது. சுந்தரவல்லி பையிலிருந்து பழைய சீட்டுக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒன்பது மணியைப் பேனாவால் அடித்து, விடிகாலை நாலு என்று திருத்த ஆரம்பித்தாள்.